உளுவை தின்னும் பாம்பும் நான் சொன்ன பொய்யும்

அன்புள்ள பிரபு,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. சிரிக்காதே. எட்டாவது வரைக்கும் படித்தவள்தான், ஆனால் என் கையெழுத்து இன்றைக்கும் உன் கையெழுத்தைவிட நன்றாக இருக்கும். செவ்வாய்க்கிழமை நீ போன் பண்ணினாய். "யம்மா, காலடிப்பேட்டைல ஒரு பழைய வூடு இடிக்கிறாங்க. நம்ம தோஸ்து ஒருத்தன் லாரி வச்சிகிறான், இடிச்ச கல்லு மண்ணு ரப்பீஸ சும்மாவே தரேன்றான். திங்கக்கிழமை வந்து பின்னாடி கீற குட்டைய மூடிடலாம்" என்றாய். நான் "சரி" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். அந்தச் சரியைத் திருப்பி வாங்கத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், நீ ஒரு காதில் என்னையும் இன்னொரு காதில் உன் சூப்பர்வைசரையும் வைத்துக்கொண்டு "சொல்லு, சொல்லு" என்று விரட்டுவாய். இது அப்படி விரட்டி வாங்குகிற விஷயம் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டேன். மீன் விற்று வந்து, கை கழுவி, மத்தியானத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். சனிக்கிழமை ரேவதி கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருவாள், அவள் கையில் கொடுத்தனுப்புவேன். மணலி புதுநகர் ரூமில் தனியாக இருக்கும்போது படி. சாப்பிட்டுவிட்டுப் படி.

போன வாரம் ரேவதி தன் அம்மாவோடு, தான் வாழ வரப்போகிற நம் வீட்டைப் பார்க்க வந்தபோது நடந்ததை நீயும் பார்த்தாய். கை கழுவப் பின்பக்கம் போனவள் குட்டையின் ஓரத்தில் தலையைத் தூக்கிக்கொண்டிருந்த பாம்பைப் பார்த்துவிட்டாள். அவள் போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. புதுப் புடவையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள், பாவம். நீ கழியைத் தூக்கிக்கொண்டு "எங்க எங்க" என்று ஓடி வந்தாய். அது எப்போதோ தண்ணீருக்குள் போய்விட்டது. டீ குடிக்கும்போதும் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வளர்ந்த பெண், பாம்பை டிவியில் மட்டும் பார்த்தவள், அவளை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவளுக்காக நீ உடனே லாரிக்குச் சொன்னதும் எனக்குப் பிடித்தது. உங்க அப்பா எனக்காக ஒரு நாளும் அப்படி அவசரப்பட்டதில்லை. நான் பயந்தால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஏனென்றால் நானும் அப்படிப் பயந்தவள்தான். இராயபுரத்தில் கடல் தொழில் செய்கிற வீட்டில் பிறந்தவள் நான். அங்கே வலையில் பாம்பு வந்தால் அது கடல் பாம்பு, கடித்தால் கரைக்கு வந்து சேருவோமா என்பதே சந்தேகம். எங்கள் அப்பா கழியால் வாரித் தண்ணீரில் போடுவார், கையால் தொடவே மாட்டார். அந்தப் பயத்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு எண்ணூருக்கு வாழ வந்தேன். இங்கே ஆற்றில் போட்ட வலையைக் கரையில் கொட்டி இறாலைப் பொறுக்க உட்கார்ந்தால், நடுவில் சாம்பல் நிறத்தில் தடியாக ஒன்று நெளியும். கல்யாணமாகி வந்த முதல் வருடம் நான் துடுப்பை எடுத்து அடித்துக் கொன்ற பாம்புகள் எத்தனையோ. அப்போது உங்க அப்பாவும் ஆறுமுகமும் ஒரே படகில் கூட்டாளிகள். ஆறுமுகத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. வலையில் பாம்பு வந்தால் வாலைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி ஆற்றில் விடுவார். "போ, போய் உன் பங்க துன்னு" என்று சொல்லித்தான் விடுவார். கேட்டால், "படகுக்கு மூணு பங்கு தங்கச்சி. உன் புருசனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, இத்துக்கு ஒண்ணு" என்பார். எனக்கு இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும்.

ஒரு நாள் நான் அடித்துப் போட்ட பாம்பை ஆறுமுகம் எடுத்து, மீன் அரிகிற கத்தியால் வயிற்றைக் கீறினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "திரும்பிப் பாரு தங்கச்சி. எங்க நம்ம இறாலு? ஒண்ணாவது கீதா சொல்லு" என்றார். உள்ளே மூன்று உளுவை மீன் இருந்தது. ஒன்று அப்போதுதான் விழுங்கியது, கண் கூடக் கெடவில்லை. மூன்றும் தலை உள்பக்கம் பார்த்தபடி வரிசையாக இருந்தன. வாலைப் பிடித்து விழுங்கினால் முள்ளும் செதிலும் தொண்டையில் மாட்டும், அதனால் தலையைத்தான் முதலில் பிடிக்கும் என்று உங்க அப்பா சொன்னார். உளுவை சேற்றில் வளை தோண்டி இருக்கும், இறால் குஞ்சைப் பொறுக்கித் தின்னும். பாம்பு அந்த உளுவையைத் தின்னும். செம்பருந்து வந்து பாம்பைத் தூக்கிக்கொண்டு போகும். குட்டிப் பாம்பை நண்டும் கொக்கும் விடாது. நாம் இறாலைத் தின்கிறோம், நண்டையும் தின்கிறோம். இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லவில்லை, ஒரு செத்த பாம்பின் வயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அப்புறம் துடுப்பை எடுக்கவில்லை. பயம் உடனே போகவில்லை, அதற்கு இன்னும் ஒரு வருடம் ஆனது. அந்தப் பாம்புக்குக் கொஞ்சம் விஷம் உண்டு, அதனால் கையை வைத்து விளையாடக் கூடாது. ஆனால் மனிதரைக் கொல்லும் விஷம் இல்லை, சும்மா இருப்பவரைத் தேடி வந்து கடிப்பதும் இல்லை.

உனக்கு ஆறு ஏழு வயதில் நீ இதைக் கேட்டுவிட்டுச் செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? பாம்பு மீன் தின்னும் என்று தெரிந்ததும், "அப்ப நாம துன்ட்டா அது இன்னா துன்னும்?" என்று கேட்டு மூன்று நாள் மீன் வேண்டாம் என்றாய். மீன்காரி வீட்டில் பருப்புக் குழம்பு! நாலாம் நாள் வஞ்சிரம் பொரித்தேன், அந்த வாசனைக்கு உன் தர்மம் தாங்கவில்லை. அந்தப் பிள்ளைதான் இப்போது லாரிக்குச் சொல்லியிருக்கிறான்.

சரி, சுற்றி வளைத்தது போதும். உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் பிரபு. எட்டு வருடமாக அதை நீ உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறாய்.

நீ பதினொன்றாவது படித்த வருடம். உன் அக்கா செல்விக்குத் திருவொற்றியூரில் இருந்து வரன் வந்தது. பெண்ணைப் பார்த்துப் போய்விட்டார்கள், பிடித்துவிட்டது. அடுத்து வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் பெரியம்மா மட்டும் வந்து நின்றார். உங்க அப்பா தொழிலுக்குப் போயிருந்தார், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், செல்வி உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "இங்கல்லாம் பாம்பு கீதாமே, மெய்யா?" என்பதுதான். எனக்குத் தலையில் தீ வைத்தது போல இருந்தது. எண்ணூர் என்றாலே அனல் மின் நிலையத்துச் சாம்பல், நாத்தம், பாம்பு என்று ஊரில் பேசுவார்கள், நம் குப்பத்துப் பெண்களுக்கு இதனால் வரன் தட்டிப்போன கதைகளும் எனக்குத் தெரியும். "பாம்பா? அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஒண்ணும் கெடயாதுங்க" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் டீயை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மேடமும் ஒரு பையனும் நோட்டோடு வந்து நின்றார்கள். நம் வீட்டுக்கு வடக்கே ஓடிய கால்வாயைப் பற்றிக் கணக்கெடுக்க வந்தவர்கள். அதில் என்ன மீன் இருக்கிறது, நண்டு இருக்கிறதா, பறவை வருமா, பாம்பு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எனக்குப் பின்னால் இரண்டு அடியில் அந்தப் பெரியம்மா டீ குடித்துக்கொண்டிருக்கிறார். இப்போதுதான் பாம்பு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். நான் இல்லை என்று சொன்னேன். மீன் இருக்கிறது என்றால் அதைத் தின்னப் பாம்பும் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும், அதனால் மீனும் இல்லை என்றேன். நண்டும் இல்லை என்றேன். "சாம்பல் வந்ததுக்கப்புறம் எல்லாம் செத்துப்போச்சு மேடம். புழு பூச்சி கூட கெடயாது" என்று குரலை உயர்த்தியே சொன்னேன், பின்னால் இருந்தவருக்குக் கேட்கட்டும் என்று. அந்த மேடம் நல்ல மாதிரி. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்று இரண்டு தடவை கேட்டார். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார். உயிரினம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. நானும் ஒரு தடவை படித்துப் பார்த்து, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு விடிகாலையில்தான் உங்க அப்பாவும் ஆறுமுகமும் அந்தக் கால்வாயில் இருந்து ஒரு கூடை இறால் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பப் போயிருந்தார்கள். கூடை கதவுக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடியிருந்தது.

செல்வி கல்யாணம் நன்றாக நடந்தது. அடுத்த வருடம் ரோடு போட லாரி லாரியாக மண் வந்து கால்வாயில் விழுந்தது. குப்பத்து ஆட்கள் எல்லாரும் திரண்டு போய் ஆபீஸில் கேட்டார்கள். அங்கே ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டி, "உங்க ஆளுங்களே ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருக்காங்களே" என்றார்களாம். கீழே என் பெயர். உங்க அப்பா வீட்டுக்கு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல், "நீயா சொன்ன?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவர்கள் வேறு ஏதோ கேட்டார்கள், வேறு ஏதோ எழுதிக்கொண்டார்கள், எனக்குத் தெரியாது என்றேன். அவர் என்னை நம்பிவிட்டார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "வெளி ஆளுங்க வந்து எம்பொண்டாட்டிய ஏமாத்தி கையெழுத்து வாங்கிகினு போய்ட்டானுங்க" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். நானும் சொல்லவிட்டேன். பாவம் அந்த மேடம், எங்கே இருக்கிறாரோ.

நம்பாத ஒரே ஆள் ஆறுமுகம். ஆபீஸில் அந்தக் காகிதத்தை அவரும் பார்த்திருக்கிறார். "தங்கச்சி எட்டாவது படிச்சது. ஏமாத்துனாங்கன்னா எப்படி? படிச்சுதான் போட்டிருக்கு கையெழுத்து. பொண்ணு கல்யாணத்துக்காக கால்வாய குடுத்துட்ச்சு" என்று டீக்கடையில் வைத்துச் சொன்னார். அங்கே நீ நின்றுகொண்டிருந்தாய். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். உனக்குப் பதினேழு வயது, அவருக்கு உங்க அப்பா வயது. அவர் முன்பல் உடைந்தது, உன் புருவம் கிழிந்தது. தையல் போட்டுக்கொண்டு வந்து என்னிடம், "உன்ன பத்தி ஒருத்தன் தப்பா பேசினா சும்மா வுட்ருவனா" என்றாய். நான் உன் தலையை மடியில் போட்டு அழுதேன். நீ வலிக்காக அழுகிறேன் என்று நினைத்தாய். அவர் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் உண்மை. அதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை, அதுதான் நிஜம்.

அதோடு படகு போனது. பல்லை உடைத்த பையனின் அப்பாவோடு எப்படி ஒரு படகில் உட்காருவார்? உங்க அப்பாவும், பெண்டாட்டியைப் பழித்தவனோடு போக மாட்டேன் என்றார். படகை விற்றுவிட்டார்கள். கால்வாய் மூடிய அந்த மழைக்காலத்தில் பாம்புகள் போக்கிடம் இல்லாமல் வீடு வீடாக வந்தன, பானைக்குப் பின்னால், கேஸ் அடுப்புக்குக் கீழே எல்லாம். எல்லாரும் அடித்தார்கள். அதற்கப்புறம் வருடக்கணக்காக ஒரு வலையிலும் பாம்பு இல்லை. வலை சுத்தமாக வருகிறது என்று இளவட்டங்கள் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் சுத்தமான வலையை ஒன்றுக்கு இரண்டு தடவை உதறிப் பார்ப்பேன். இறாலும் குறைந்துகொண்டே வந்தது. எல்லாம் அந்த ஒரு கையெழுத்தால் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். சாம்பல் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, சுடுதண்ணீர் வந்து விழுகிறது. ஆனால் இறால் குஞ்சு பெரிதாகிற இடம் அந்தக் கால்வாய்தான், அது எனக்குத் தெரிந்தும் இல்லை என்று சொன்னேன். உங்க அப்பா இன்றைக்கு கன்டெய்னர் யார்டில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாட்ச்மேனாக நிற்கிறார். பிறந்ததில் இருந்து செருப்புக்கே பழகாத கால். தினமும் வந்து கழற்றும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது, கேள். செல்விக்கு வளைகாப்பு போட திருவொற்றியூர் போனபோது அந்தப் பெரியம்மா வீட்டில் தங்கினேன். வீட்டை ஒட்டி மரம் அடுக்கி விற்கிற ஒரு மரவாடி. காலையில் மதிலோரம் ஒரு ஆள் நீளத்துக்குச் சாரைப் பாம்பு போகிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த அம்மா வெற்றிலை மென்றுகொண்டே, "அத்த வுடுங்க சம்பந்தி, அது நம்ம வூட்டு ஆளு. அது இருக்கறதாலதான் எலித் தொல்லையே கெடயாது. உங்க பக்கம் பாம்பே இல்லன்னீங்களே, அப்ப எலிக்கு இன்னாதான் பண்றீங்க?" என்றார். அவர் அன்றைக்குக் கேட்டது அதற்குத்தான். பெண் போய் வருகிற வீட்டில் எலி, எலிக்காய்ச்சல் என்று ஏதாவது இருக்குமா என்பதுதான் அவர் கவலை. இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால், நல்லது என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருப்பார். கேள்வியைக் கேட்டவரை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. நம்மைக் கேவலமாக நினைக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குட்டை அந்தக் கால்வாயின் மிச்சம். ரோட்டுக்கு அடியில் சிமெண்ட் குழாய் இருப்பதால் ஆற்றில் தண்ணீர் ஏறும்போது இங்கேயும் ஏறுகிறது. போன ஆடியில் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சேற்று ஓரத்தில் உளுவை துள்ளியது. சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு மேலே இரண்டு கண் தெரிந்தது. எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் வந்த முதல் பாம்பு. தண்ணீர் ஏறுகிற வரைக்கும் அசையாமல் கிடந்து, உளுவை பக்கத்தில் வந்ததும் ஒரே வெட்டில் பிடித்தது. நான் சோப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது தின்கிறது என்றால் இங்கே தின்ன ஏதோ இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடித்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வருமே என்ற பயம் இன்னொன்று.

செவ்வாய்க்கிழமை நீ பேசி முடித்ததும் ரேவதி போன் பண்ணினாள். "அத்தை, அவரு எனக்காக குட்டைய மூடறேன்றாரு. நான் அப்படி கேக்கவே இல்ல அத்தை. பயந்தேன், அவ்வளவுதான். அது இன்னா பாம்பு?" என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். பாம்பில் ஆரம்பித்து, உளுவை, இறால், கால்வாய் என்று போய், கையெழுத்து வரைக்கும் சொல்லிவிட்டேன். எட்டு வருடம் வராத வாய் அவளிடம் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. முகம் தெரியாமல் பேசியதாலோ என்னவோ. "அவருக்கு இது தெரியாதா?" என்றாள். தெரியாது என்றேன். "அப்ப நான் தெரிஞ்சிகினு அவர் பக்கத்துல மணவறைல எப்படி அத்தை உக்கார்றது? நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன், ஆனா மறைக்கவும் மாட்டேன்" என்றாள். உனக்கு அமைந்த பெண்ணை நினைத்து எனக்குப் பயமும் வந்தது, பெருமையும் வந்தது. அவளை நன்றாக வைத்துக்கொள் பிரபு. அவள் பயப்படுகிற ஒவ்வொன்றின் மேலும் மண்ணைக் கொட்டுவதுதான் அன்பு என்று நினைக்காதே. பக்கத்தில் நின்று, இது இன்னது, இது இன்னதைத் தின்னும், உன்னைத் தின்னாது என்று காட்டு. அவளுக்குத் தெரிந்ததை நீயும் கேட்டுக்கொள். மனிதர்கள் விஷயத்திலும் அப்படியே செய், ஒருவருக்கு எது பசி என்று தெரிகிற வரைக்கும் கழியைத் தூக்காதே. நான் தூக்கினேன், நீயும் தூக்கினாய்.

புதன்கிழமை காலையில் உங்க அப்பாவிடம் சொன்னேன். பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "எட்டு வருசமா ஆறுமுகத்தக் கண்டா ரோட்டத் தாண்டி அந்தாண்ட போய்னு கீறேன்" என்று மட்டும் சொன்னார். சாப்பாட்டு டப்பாவை எடுக்காமல் போய்விட்டார். அன்றைக்கும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. முப்பது வருடத்தில் அவர் இப்படி இருந்ததில்லை, நான் அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. இன்றைக்கு, வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்து குட்டையோரம் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கல்யாணப் பத்திரிகை எத்தினி பாக்கி கீது?" என்றார். ஒன்றை எடுத்து மஞ்சள் தடவிக் கொடுத்தேன். "எங்கிட்ட இன்னாத்துக்கு? நீ போய் குடு. அவனுக்கு பதில் சொல்ல வேண்டியவ நீ. நான் வாசல்ல நிக்கறேன்" என்றார். நீ அழைக்கக் கூடாது என்று சொன்ன ஒரே வீடு அது. உன் பேச்சை மீறித்தான் போனேன்.

ஆறுமுகம் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் பின்னால் ஒரு அடி நகர்ந்தார். நான் பத்திரிகை வைத்த தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே சொன்னேன். "அண்ணா, நீங்க சொன்னதுதான் மெய். நான் படிச்சுதான் போட்டேன் கையெழுத்து. எம்புள்ள உங்கள அடிச்சது என் பொய்க்காக" என்றேன். அவர் மனைவி உள்ளே இருந்து வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் பத்திரிகையை எடுத்துப் பிரித்து, உன் பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்தார். உடைந்த பல்லை அவர் கட்டிக்கொள்ளவே இல்லை பிரபு. பேசும்போது அந்த இடத்தில் காற்று போகிறது. "எங்கம்மாவ எவனாவது அப்படி சொல்லியிருந்தா நானும் அடிச்சிருப்பேன் தங்கச்சி. அந்தப் புள்ள மேல எனக்குக் கோவம் எப்பவோ போய்டுச்சு. ஆனா அது இன்னும் நான் பொய்யன்னு நெனச்சிகினு கீதே, அதுதான் சோறு துன்னும்போது தொண்டைல நிக்குது" என்றார். வாசலில் நின்ற உங்க அப்பா அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தால் சந்தோஷம். சொல்லாமல் வந்தாலும் வா, குட்டையை மூடுவதா விடுவதா என்று நாம் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், ரேவதியும் இருக்கட்டும். ஆனால் முதலில் ஆறுமுகம் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் உன்னோடு வருகிறேன், தனியாக அனுப்ப மாட்டேன். அங்கே நீ பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். "மாமா, நீங்க சொன்னது உண்மைதான்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல், அது போதும் அவருக்கு.

இதைப் படித்து முடித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும். எனக்காக அடி வாங்கியவன் நீ, கோபப்பட உன்னைவிட உரிமையுள்ளவன் யார்? அதை அடக்கிக்கொண்டு வராதே. கோபத்தோடேயே வா, வந்து என்னைத் திட்டு. நான் எதுவும் எதிர்த்துப் பேச மாட்டேன், இந்தத் தடவை இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

உன் அம்மா